ஊறிப்போன பைபர் படகைச் சீர்செய்தல்: மும்பைக் கரையில் செய்து பார்த்த முறை, படிப்படியாக

பைபர் படகு அழுகாது என்று நம்பித்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். பைபர் அழுகாது என்பது உண்மைதான். ஆனால் அதன் உள்ளே ஒட்டுப்பலகை இருக்கிறது. எஞ்சின் பூட்டும் பின்பலகையில், தளத்துக்கு அடியில், நீள விட்டங்களின் நடுவில் என்று பல இடங்களில் அதை வைத்து மூடியிருப்பார்கள். தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் வெளியே பளபளப்பு குறையாது. உள்ளே பலகை மட்டும் ஊறவைத்த அவல் மாதிரி ஆகிவிடும்.

இந்த வழிகாட்டி 22 முதல் 30 அடி வரை நீளமுள்ள, அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய படகுகளுக்கானது. வெர்சோவா, மாட், உத்தான் கரைகளில் நான் பழுது பார்த்தவை பெரும்பாலும் இந்த அளவுதான். என்னிடம் வேலை பழக வருகிறவர்களில் பலர் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். தண்ணீர்த் தொட்டி வார்க்கும் பட்டறைகளில் வேலை செய்து வந்தவர்கள் என்பதால் ரெசின் வேலை அவர்களுக்குப் புதிதில்லை, கையும் வேகமான கை. அவர்கள் தடுமாறுவது வரிசையில். காய வேண்டியது காய்வதற்குள் ஒட்டிவிடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு படிக்கும் ஏன் அந்த இடம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1. கருவியை எடுக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்

மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை வழக்கமாக ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த 61 நாட்களும் படகு கரையில் சும்மா கிடக்கிறது, எல்லாப் பழுதையும் அப்போதே முடித்துவிடலாம் என்று உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். கோலி மீனவர்கள் மறுபடியும் கடலுக்குப் போகும் திருநாளான நாரளி பௌர்ணமி நெருங்க நெருங்க அவசரமும் கூடும். ஊறிய படகைக் காயவைப்பதற்கு ஆண்டிலேயே மிக மோசமான மாதங்கள் அவைதான்.

காரணம் எளிது. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்பத்தான் காயும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதமாக இருந்தால், எத்தனை வாரம் திறந்து வைத்தாலும் பலகையின் ஈரம் 17, 18 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. காற்று 60 சதவீதத்துக்கு வந்தால்தான் பலகை 11 சதவீதத்தை எட்டும். மும்பையில் அப்படிப்பட்ட காற்று டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பகல்களில் தானாகவே கிடைக்கிறது.

பெரிய வேலையை அந்த மூன்று மாதங்களுக்குள் வையுங்கள். தொழில் கெடும் என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: மழைக்காலத்தில் மேலோட்டமாகச் செய்த வேலையை இரண்டாம் ஆண்டு மறுபடியும் பிரிக்க வேண்டிவரும், அப்போது இழக்கும் நாட்கள் இதைவிட அதிகம். வேறு வழியே இல்லை என்றால் மட்டும் ஆறாம் படியில் சொல்லும் கூடாரத்தைப் போடுங்கள்.

கடலின் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கழிமுகக் கரைகளில் படகை மேட்டில் ஏற்றவும் இறக்கவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றம் தேவை. மும்பையில் அந்த நாட்களில் ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். படகை இறக்கும் நாளை முதலில் குறித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள்.

2. எந்த ரெசின் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

ரெசின் என்பது இழைத் துணியை நனைத்து இறுகிப் பிடித்துக்கொள்ளும் பசை. பாலியெஸ்டர், எபாக்சி என்று இரண்டு உண்டு. படகு பெரும்பாலும் பாலியெஸ்டரில்தான் வார்க்கப்பட்டிருக்கும். அதற்காகப் பழுதையும் பாலியெஸ்டரில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. பழைய பைபர் மீதும் மரத்தின் மீதும் எபாக்சி பிடிப்பதுபோல் பாலியெஸ்டர் பிடிக்காது. விலை பல மடங்கு அதிகம் என்பதும் உண்மை. பின்பலகைக்கும் நீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் நான் எபாக்சிதான் பயன்படுத்துகிறேன். மேல்தளம், பெட்டிகள், இருக்கைகள் போன்றவற்றுக்கு ஐசோப்தாலிக் வகைப் பாலியெஸ்டர் போதும்.

இரண்டையும் கலந்து வேலை செய்கிறவர்கள் ஒரு விதியை மறக்கக் கூடாது. பாலியெஸ்டர் மேல் எபாக்சி பிடிக்கும். எபாக்சி மேல் பாலியெஸ்டரோ சாதாரண ஜெல்கோட்டோ (படகின் வெளியே பளபளக்கும் மேற்பூச்சு) நம்பும்படி பிடிக்காது. ஓரிடத்தில் எபாக்சி போட்டுவிட்டால் அதன் மேல் வருவதும் எபாக்சியாகவே இருக்கட்டும்.

துணியும் மாறும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மேட், சிறு இழைகளை ஒரு பசையால் பிடித்துவைத்தது. பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அந்தப் பசையைக் கரைத்துவிடுவதால் மேட் இளகிப் படியும். எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. மேட் விறைப்பாகவே நின்று, மூலைகளில் தூக்கிக்கொள்ளும். எபாக்சிக்கு நெய்த ரோவிங் (தடித்த இழைகளை நெய்த துணி) அல்லது தைத்த துணி வாங்குங்கள். கடைக்காரரிடம் ‘எபாக்சிக்குப் பொருந்துமா’ என்று கேட்டே வாங்குங்கள்.

பலகை, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ஒட்டுப்பலகையாக இருக்க வேண்டும். ஐ.எஸ். 303 என்பது வீட்டு அலமாரிக்கானது. ஓரத்தைப் பாருங்கள், அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் முத்திரை எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

கருவிகளுக்கு மும்பையின் கருவிக் கடைத்தெருவான நாக்தேவி தெரு போதும். கிரைண்டர், 36 அல்லது 40 எண் தேய்ப்புத் தட்டு, காற்றை விரட்டும் இரும்பு ரோலர், கிராம் கணக்கில் நிறுக்கும் தராசு, மரத்தின் ஈரம் காட்டும் மீட்டர், கண்ணாடி, கையுறை ஆகியவை வேண்டும். முகமூடி இரண்டு வகை: தேய்க்கும்போது தூசிக்கு ஒன்று, ரெசினுக்கு கரி வடிகட்டி உள்ளது ஒன்று. துணி முகமூடி ரெசின் ஆவியைத் தடுக்காது.

3. தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது?

இதைக் கண்டுபிடிக்காமல் ஒரு திருகைக்கூடக் கழற்றாதீர்கள். கழற்றிவிட்டால் தடயமும் போய்விடும்.

ஆரம்ப காலத்தில் ஒரு படகின் பின்பலகையை முழுவதும் மாற்றினேன். எஞ்சின் போல்ட் துளைகள் வழியாகத்தான் தண்ணீர் இறங்கியது என்று நினைத்து அவற்றை அழகாக அடைத்தேன். அடுத்த மழைக்குள் அதே பலகை மறுபடியும் ஊறிவிட்டது. உண்மையில் தண்ணீர் புகுந்தது மேல் விளிம்பில் ரப்பர் பட்டையைப் பிடித்திருந்த சிறு திருகுகள் வழியாக. விளிம்பில் நுழைந்த நீர் பலகைக்குள் வழிந்து, அடியில் தேங்கி, எஞ்சினுக்குக் கீழே வந்து தன்னைக் காட்டியிருக்கிறது. இரண்டு மாத உழைப்பு அந்த உரிமையாளருக்கும் எனக்கும் வீணானது. அதற்குப் பிறகு இந்தப் படியை நான் ஒருநாளும் குறுக்கியதில்லை.

சோதிக்கும் முறை: படகைச் சற்று முன்பக்கம் உயர்த்தி நிறுத்துங்கள். உள்ளே ஒருவர் விளக்கோடு இருக்கட்டும். வெளியே இன்னொருவர் குழாய் நீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் விட வேண்டும். முதலில் வடிகால் துளை, பிறகு எஞ்சின் போல்ட்டுகள், பிறகு கைப்பிடிகள், கடைசியில் மேல் விளிம்பு. மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லாத் துளைகளையும் நனைத்துவிடும். எது கசிந்தது என்று தெரியாது.

அடுத்து, உள்ளே தளத்துக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு விட்டு, வெளிப்பக்கம் எங்கே வியர்க்கிறது என்று பாருங்கள். அடிப்பாகம் நன்றாகத் தாங்கப்பட்டிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கடலில் வெளியிலிருந்து அழுத்தம் தாங்கும் உடல், கரையில் உள்ளிருக்கும் தண்ணீரின் பாரத்தை அப்படித் தாங்காது.

4. எதுவரை பரவியிருக்கிறது?

சிறிய பிளாஸ்டிக் சுத்தியலோ ஐந்து ரூபாய் நாணயமோ போதும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு. நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். ஊறிய இடமும் அடுக்கு பிரிந்த இடமும் மொத்தென்று ஒலிக்கும். ஒலி மாறும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போனால் ஒரு வரைபடம் கிடைக்கும். பக்கத்தில் கிரைண்டர் ஓடும்போது இதைச் செய்யாதீர்கள். காலையில், கரை அமைதியாக இருக்கும்போது செய்யுங்கள்.

பிறகு அந்தக் கோட்டுக்கு உள்ளேயும் ஒரு கை அகலம் வெளியேயும் 6 மி.மீ. துளைகள் போடுங்கள். உட்பக்கத் தோலில், அதாவது பலகையை உள்ளே மூடியிருக்கும் பைபர் அடுக்கில் மட்டும். வெளித்தோலைத் தொட வேண்டாம். டிரில்லில் வரும் மரத்தூளை விரலில் நசுக்கிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உதிர்ந்தால் பலகை நன்றாக இருக்கிறது. கறுத்து, களிமண்போல் ஒட்டி, புளித்த வாடை அடித்தால் போய்விட்டது. வெளிர் நிறமாக இருந்தும் ஈரமாக இருந்தால் அது காப்பாற்றக்கூடிய பலகை. எதை வெட்டுவது, எதைக் காயவைப்பது என்பதை இந்தத் தூள்தான் சொல்கிறது.

புதியவர்கள் செய்யும் தவறு, இந்தத் துளைகள் வழியாகவே எபாக்சியை ஊசியில் ஏற்றி மூடிவிடுவது. ஈரமான பலகைக்குள் எபாக்சி ஊறாது. துளையைச் சுற்றி ஒரு சிறு முளையாக இறுகும். சுற்றிலும் அழுகல் தொடரும்.

5. வெட்டித் திறத்தல்

வெட்டுவதற்கு முன் எஞ்சினை இறக்குங்கள். படகை மட்டம் பார்த்து, அடியில் குறைந்தது நான்கைந்து இடங்களில் தாங்கு கொடுங்கள். பின்பலகையையோ விட்டங்களையோ எடுத்துவிட்டால் பைபர் உடல் தளர்ந்துவிடும். கோணலாக நிற்கும்போது புதுப் பலகையை ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரமாகும். பிறகு படகு நேராக ஓடாது.

முடிந்தவரை உட்பக்கமிருந்தே வெட்டுங்கள். வெளித்தோல் அப்படியே நின்றால் புதுப் பலகைக்கு அதுவே அச்சு. வெளியே பூச்சு வேலையும் மிச்சம்.

கிரைண்டர் தட்டின் ஆழம் தோலின் கனத்துக்கு மேல் போகக் கூடாது. ஓரங்களில் மூன்று விரற்கடை அகலத்துக்குப் பழைய தோலை விட்டு வெட்டுங்கள். பிறகு ஒட்டுவதற்கு அந்த வரப்பு தேவை. வெட்டி எடுத்த தோலைத் தூக்கி எறியாதீர்கள். புதுப் பலகைக்கு அளவு எடுக்க அதுதான் வார்ப்படம்.

அழுகிய பலகையை உளியால் சுரண்டுங்கள். நல்ல பலகை வரும்வரை சுரண்டி, அதற்கு அப்பாலும் நான்கு விரல் அகலம் எடுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையோடு நிற்பதில்லை.

6. கழுவுதல், காயவைத்தல்

காயவைக்கும் முன் கழுவ வேண்டும் என்று சொன்னால் பிள்ளைகள் வியப்போடு பார்க்கிறார்கள். ஏற்கெனவே ஈரமாக இருப்பதை ஏன் மறுபடியும் நனைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். உப்புதான் காரணம். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுப்போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். படகின் உடலுக்குள் உப்பு தங்கிவிட்டால் பகலில் காய்ந்தது இரவில் மறுபடியும் நனையும். நல்ல தண்ணீரால், முடிந்தால் வெந்நீரால், மூன்று நாள் காலையும் மாலையும் கழுவுங்கள். பிரஷ்ஷால் தேயுங்கள். அதன் பிறகுதான் காயவைக்கும் கணக்கு தொடங்குகிறது.

குளிர்காலமாக இருந்தால் மேலே நிழல், பக்கவாட்டில் காற்று, ஒரு மேசை விசிறி ஆகியவை போதும். மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். வெயில் நேராகப் பட்டால் சீக்கிரம் காயும் என்று தார்ப்பாயை எடுத்துவிடாதீர்கள்; இரவுப் பனி பகலில் காய்ந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

மழைக்காலத்தில் கூடாரம் வேண்டும். படகை முழுவதும் தார்ப்பாயால் மூடி, தரையிலும் பிளாஸ்டிக் விரித்து, உள்ளே வெப்பம் கொடுங்கள். 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 38 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 48 சதவீதமாக இறங்கும். சூடான காற்று மரத்திலிருந்து நீரை வாங்கிக்கொள்ளும். வாங்கிய காற்று வெளியேற மேலே ஒரு வாய் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் வெறும் நீராவிக் குளியல்தான். இதற்கு மாறாக ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைப்பதானால் கூடாரத்தை முழுவதும் அடைத்துவிட வேண்டும். திறந்து வைத்தால் அது அரபிக்கடலையே உலர்த்த முயன்றுகொண்டிருக்கும்.

கூடாரத்தில் ஹீட்டர் இருக்கும் நாட்களில் அசிட்டோன் டின்னோ ரெசினோ உள்ளே வரக் கூடாது. இரண்டும் தீப்பிடிக்கும் ஆவி விடுபவை.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? ‘அண்ணே, தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது’ என்று வாரம் ஒருவராவது என்னிடம் சொல்கிறார். தொட்டால் தெரிவது மேற்பரப்பு மட்டும். மூன்று சோதனைகள் உண்டு.

முதலாவது, எடை. வெட்டும்போது எடுத்த ஈரமான, ஆனால் அழுகாத பலகைத் துண்டு ஒன்றைப் படகுக்குள்ளேயே வைத்திருங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை சமையல் தராசில் நிறுத்து எழுதுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து, ஒரு வாரம் ஒரே அளவில் நின்றால், அந்தக் காற்றில் அதற்குமேல் காயாது. அது போதுமா என்பதை இரண்டாவது சோதனையான மீட்டர் சொல்லும்: 12 சதவீதம் நல்லது, 15-க்கு மேல் வேண்டாம். மீட்டரின் முனை மரத்தில் பட வேண்டும். பைபர் மேல் வைத்துப் பார்த்த எண்ணை நம்பாதீர்கள்.

மூன்றாவது, பிளாஸ்டிக் தாள். ஒரு முழம் சதுரத்தில் தெளிவான பாலிதீனை வெட்டி, உடலின் மேல் நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி கோத்தால் உடல் இன்னும் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. நீர்க்கோட்டுக்கு மேலே, நிச்சயமாகக் காய்ந்த ஓரிடத்திலும் இன்னொரு தாளை ஒட்டுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி பனித்தால் அது காற்றின் ஈரம்; கீழே மட்டும் பனித்தால் படகின் ஈரம். இந்த இரண்டாம் தாளைப் பலர் ஒட்டுவதில்லை. ஒப்பிட ஆள் இல்லாத சோதனையால் பயனில்லை.

7. சரிவு தேய்த்தல்

தேய்ப்பதற்கு முன் அசிட்டோன் துணியால் துடையுங்கள். பிறகு துடைப்பதல்ல, முன்பு. பழைய பைபரில் மெழுகும் எண்ணெயும் இருக்கும். துடைக்காமல் தேய்த்தால் உப்புத்தாள் அவற்றை உள்ளே அழுத்திவிடும். ஒட்டு அங்கே பிடிக்காது. துணியை அடிக்கடி மாற்றுங்கள்.

வெட்டின் ஓரத்தைச் செங்குத்தாக விடக் கூடாது. தோலின் கனம் 1 என்றால் சரிவின் அகலம் 12. ஐந்து மி.மீ. கனமான தோலுக்கு 60 மி.மீ. அகலச் சரிவு. பழையதும் புதியதும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது ஒட்டும் பரப்பால் மட்டுமே. சரிவு குறுகினால் படகு அலையில் அடிபடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டில் விரிசல் விழும்.

36 எண் தட்டில் தேய்த்து, பரப்பு பளபளப்பில்லாமல் சொரசொரப்பாக நிற்கட்டும். பைபர் தூசி நம் தோலில் குத்தும். முழுக்கைச் சட்டை போடுங்கள். வேலை முடிந்ததும் உடம்பைத் தேய்க்காமல் குளிர்ந்த நீரை ஊற்றிக் கழுவுங்கள்.

8. ரெசின் கலப்பது

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

பாலியெஸ்டரோடு இரண்டு திரவங்கள் வரும். ஊதா நிறத்தில் இருப்பது கோபால்ட் ஆக்சிலரேட்டர். நிறமில்லாதது எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட். இவை இரண்டும் ஒன்றோடொன்று நேராகச் சேரக் கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும்; வெடிக்கவும் செய்யும். ஒரே அளவுக் குப்பியை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் முழுவதும் கலக்க வேண்டும். அதன் பிறகு, ஒட்டும் நேரத்தில் மட்டும் கேட்டலிஸ்ட். வாங்கும்போதே ஆக்சிலரேட்டர் கலந்த ரெசினும் உண்டு. கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கால் மணி நேரம் இடைவிடாமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள்.

கேட்டலிஸ்ட் அளவு, ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். மே மாத வெயிலில் 10 போதும். மழைக்காலக் காலையில் 15. பத்துக்குக் கீழே இறங்கினால் ரெசின் முழுமையாக இறுகாது.

எபாக்சிக்கு வந்தால் இந்தப் பழக்கம் உங்களைக் கவிழ்க்கும். பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். எபாக்சியில் ஹார்டனர் (அதை இறுகவைக்கும் திரவம்) அளவு டின்னில் எழுதியிருப்பதுதான். தொட்டிப் பட்டறையிலிருந்து வந்த பிள்ளைகள் சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றி, மூன்று நாள் கழித்தும் பிசுபிசுப்போடு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி ஆனால் முழுவதையும் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. கண் அளவு வேண்டாம்; தராசில் நிறுங்கள், இரண்டு நிமிடம் கிளறுங்கள், கோப்பையின் அடியையும் ஓரத்தையும் வழித்துக் கிளறுங்கள்.

எதைக் கலந்தாலும் அரைக் கிலோவுக்கு மேல் ஒரே கோப்பையில் வேண்டாம். குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே புகையும். மீந்ததை மணலில் பரப்பிக் கொட்டுங்கள்.

9. புதுப் பலகையும் பைபர் அடுக்குகளும்

பின்பலகைக்கு 19 மி.மீ. பலகை இரண்டை ஒட்டி 38 மி.மீ. ஆக்குவது வழக்கம். உங்கள் படகின் பழைய கனம் வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எஞ்சின் பிடி அதற்குத்தான் பொருந்தும்.

பலகையை வெட்டியதும், பொருத்துவதற்கு முன்பே, எல்லாப் பக்கமும் ஓரங்களும் எபாக்சியால் நனையுங்கள். ஓரம் குடித்துக்கொண்டே இருக்கும். குடிப்பது நிற்கும்வரை பூசுங்கள். பலகைக்குத் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் ஓரம் வழியாகத்தான்.

அடுத்து, எபாக்சியில் சிலிக்காத் தூள் கலந்து, வேர்க்கடலைத் துவையல் பதத்துக்குக் கொண்டுவந்து, வெளித்தோலின் உட்பக்கம் பல் கரண்டியால் தடவுங்கள். பலகையில் ஒரு சாணுக்கு ஒன்றாக 6 மி.மீ. துளைகள் போட்டிருந்தால் அழுத்தும்போது காற்று அவற்றின் வழியாக வெளியேறும், பிறகு பசை பிதுங்கும். பசை எல்லாத் துளைகளிலும் தலைகாட்டினால் உள்ளே வெற்றிடம் இல்லை. துளை போடாதவர்களுக்கு அதை அறிய வழியே கிடையாது. பழைய எஞ்சின் துளைகள் வழியாக நீண்ட போல்ட்டுகள் கொடுத்து, இருபுறமும் பாலிதீன் சுற்றிய கட்டைகளை வைத்து இறுக்குங்கள். பசை முழுவதும் வெளியேறும் அளவுக்கு முறுக்க வேண்டாம். ஒட்டுவதற்கு ஒரு படலம் உள்ளே மிஞ்ச வேண்டும்.

பலகை உடலைத் தொடும் மூலைகளில் அதே பசையால் வளைவான வரப்பு பிடியுங்கள். பைபர் துணி செங்கோணத்தில் மடியாது. மடிந்த இடத்தில் தூக்கிக்கொண்டு, உள்ளே காற்றுக் குழாய் விழும். அந்தக் குழாயில் மறுபடியும் தண்ணீர் ஓடும்.

பசை இறுகியதும், ஆனால் நகத்தால் கீறினால் இன்னும் பதியும் நிலையில் இருக்கும்போதே, துணி அடுக்குகளைத் தொடங்கினால் தனியாகத் தேய்க்க வேண்டியதில்லை. மறுநாள் ஆகிவிட்டால் முதலில் தண்ணீரால் கழுவுங்கள். எபாக்சி இறுகும்போது, குறிப்பாக ஈரக் காற்றில், மேலே மெழுகுபோல் ஒரு படலம் விடும். தண்ணீரில் அது போய்விடும். கழுவி, காயவைத்து, பிறகு தேயுங்கள். இந்த வரிசை மாறினால் படலம் உள்ளே தேய்ந்துவிடும்.

எத்தனை அடுக்கு? பாலியெஸ்டரில் 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அந்த எடை உள்ளது) ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கனம் தரும். சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ரெசின் குடிக்கும். நெய்த 600 கிராம் ரோவிங் முக்கால் மி.மீ. அளவு. ஐந்து மி.மீ. தோலுக்கு ஏழு அடுக்கு ரோவிங். மூலையில் முதல் துணி 75 மி.மீ. உடல்மேல் ஏறட்டும், அடுத்தது 100, அதற்கடுத்தது 125. எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டில் உடையும்.

ஒருநாளில் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் போகாதீர்கள். சூடு ஏறி உள்ளே வெடிப்பு விழும். ஒவ்வோர் அடுக்குக்கும் ரோலர் ஓட்டுங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று. ரெசின் குளமாக நின்றால் அதுவும் தவறு; பலம் இழையில்தான் இருக்கிறது, ரெசின் அதைப் பிடித்துவைக்கும் பசை மட்டும். மழை தூறும்போதும், சாயங்காலம் பனி இறங்கத் தொடங்கிய பிறகும் ஒட்டாதீர்கள். காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடிப்பது என் வழக்கம்.

10. அடியில் கொப்புளம் மட்டும் இருந்தால்

நீண்ட நாள் நீரிலேயே கிடக்கும் படகுகளுக்கு இது வரும். ஜெல்கோட் வழியாக நீர் மெல்ல ஊடுருவி, உள்ளே சரியாக இறுகாத பொருட்களைக் கரைத்து, அந்தக் கரைசல் மேலும் நீரை இழுத்து வீங்கும். குத்தினால் காடி வாடையோடு பிசுபிசுப்பான அமிலநீர் பீய்ச்சும். கண்ணாடி போடாமல் குத்தாதீர்கள்.

பத்து இருபது கொப்புளங்கள் என்றால் ஒவ்வொன்றையும் சாய்வாகத் தோண்டித் திறந்து, ஆறாம் படியில் சொன்னபடி நல்ல நீரால் பல நாள் கழுவிக் காயவையுங்கள். கழுவிய மறுநாள் தொட்டால் மறுபடியும் பிசுபிசுக்கும் குழி இன்னும் சுத்தமாகவில்லை. காய்ந்த பிறகு எபாக்சிப் பட்டியால் நிரப்புங்கள். கார் பழுதுக்கு விற்கும் பாலியெஸ்டர் பட்டி நீரை உறிஞ்சும். நீர்க்கோட்டுக்குக் கீழே அதை வைக்கவே கூடாது. எண்ண முடியாத அளவு கொப்புளம் இருந்தால் அடிப்பாகத்தின் ஜெல்கோட் முழுவதையும் எடுத்துவிட்டு எபாக்சித் தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். அது மழைக்காலத்தில் செய்யக்கூடிய வேலையே இல்லை.

11. துளைகள்

பலகைக்குள் திருகையோ போல்ட்டையோ நேராக ஏற்றாதீர்கள். 12 மி.மீ. போல்ட்டுக்கு 18 மி.மீ. துளை போட்டு, அதை எபாக்சிப் பசையால் முழுவதும் நிரப்பி, இறுகிய பின் நடுவில் 12.5 மி.மீ. துளை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது எபாக்சிச் சுவர். அடைப்புப் பசை என்றாவது விட்டுக்கொடுத்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. மூன்றாம் படியில் நான் தவறவிட்ட ரப்பர் பட்டைத் திருகுகள் போன்ற சிறியவற்றுக்கும் இதே முறைதான்.

அடைப்புக்கு மரைன் பாலியூரித்தேன் பசை வாங்குங்கள். சிலிக்கோன் தொட்ட இடத்தில் பிறகு எந்தப் பூச்சும் நிற்காது. முதலில் கைவிரல் இறுக்கம். பசை ரப்பர் பதம் ஆன பிறகு இறுதி முறுக்கு. ஒரேயடியாக முறுக்கினால் பசை முழுவதும் வெளியே வழிந்துவிடும்.

12. மேற்பூச்சு

பாலியெஸ்டர் காற்றில் திறந்திருந்தால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே இருக்கும். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலந்தால் அது காயும். அசிட்டோன் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பரப்பு இளகினால் இறுகவில்லை, பெயிண்டைத் தள்ளிப்போடுங்கள். எபாக்சி வேலைக்கு மேல் எபாக்சி பிரைமர், அதன் மேல் பாலியூரித்தேன் பெயிண்ட். வெயில் எபாக்சியைக் கெடுக்கும் என்பதால் எதையும் பூச்சில்லாமல் விட வேண்டாம்.

13. இறக்கும் நாளும் அடுத்த மாதமும்

கடைசி அடுக்கு ஒட்டி ஒரு வாரமாவது ஆகாமல் படகை இறக்காதீர்கள். எஞ்சினை முதல் நாள் பாதி வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். கரைக்கு வந்ததும் எஞ்சினின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்து, மேல் விளிம்பை ஒருவர் கவனிக்க வேண்டும். பலகை எஞ்சினோடு சேர்ந்து அசைந்தால் ஒட்டு பிடிக்கவில்லை.

மூன்றாம் நாளும் முப்பதாம் நாளும் எல்லா போல்ட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். தளத்துக்கு அடியில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மறுநாள் காலை மீண்டும் பாருங்கள். மறுபடியும் சேர்ந்திருந்தால் சாக்பீஸை எடுத்துக்கொண்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். கரையில் நிற்கும்போதெல்லாம் வடிகால் அடைப்பானைக் கழற்றி, முன்பக்கமான அணியத்தைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள். இறக்கும்போது அதைத் திரும்பப் பூட்ட மறக்காமலிருக்க, நாங்கள் எஞ்சின் சாவியை அந்த அடைப்பானோடு ஒரே கயிற்றில் கட்டி வைக்கிறோம்.